உடுப்பு மாற்றிய கேஸ்

அந்த ஒரு கிழமைக்குள் நிரோஷினி கம்பனி பஸ்ஸைத் தவறவிட்டது அது மூன்றாவது தரம். கண்டிக்குப் பக்கத்தில், வத்தேகம சந்தைக்குப் பின்னால் அவர்கள் குடியிருக்கும் சின்ன ஒழுங்கையின் முனையில் காலை ஐந்தே முக்காலுக்கு பஸ் வந்து நிற்கும். இரண்டு தரம் ஹோர்ன் அடிக்கும். மூன்றாவது தரம் அடிக்கிற வழக்கம் கிடையாது. அன்றைக்கும் இரண்டு அடித்துவிட்டு, தூறலுக்குள் பின்பக்கத்துச் சிவப்பு லைட்டைக் காட்டிக்கொண்டு போய்விட்டது.

அவளுடைய அம்மா வடிவம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டுக்கு ஒரு வசவு.

"எந்திரிடி. பஸ் போயிருச்சி. மகாராணிக்கு இனி வேற வண்டி அனுப்புவானுங்களா?"

"தல வலிக்குதும்மா."

"முந்தாநேத்து வயித்து வலி. போன கெழம காய்ச்சல். பன்வில தோட்டத்துல முப்பத்தொரு வருசம் கொழுந்து எடுத்தவ நான். காய்ச்சலோட மல ஏறுனேன். கொஞ்சம் பிந்திப் போனா அரப் பேருதான், அர நாள் சம்பளந்தான் போடுவான் கங்காணி. ஒனக்கு நனையாத வேல, காத்தாடிக்குக் கீழ ஒக்காந்து தைக்கிற வேல. அது கசக்குதா?"

நிரோஷினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இருபத்துமூன்று வயது. நாலைந்து மாதத்துக்கு முன்பு வரைக்கும் அந்த வீட்டில் முதலில் எழும்புகிறவள் அவள்தான். பஸ்ஸுக்குப் போகும்போதே பாட்டு. இப்போது பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. தட்டில் போட்ட ரொட்டியில் பாதி அப்படியே திரும்பி வரும்.

அடுத்த அறையில் சேலை கட்டிக்கொண்டிருந்த சுபாஜினிக்கு இதெல்லாம் கேட்டது. அவள் வடிவம்மாவின் மருமகள். மகன் யுகேஷின் மனைவி. நிரோஷினி வேலை செய்யும் அதே ஆடைத் தொழிற்சாலையில் அவள்தான் மனிதவள அதிகாரி. ஒழுங்கையில் அவளுக்குப் பெயரே 'எச்.ஆர் மிஸ்'. பின்னேர வகுப்புக்குக் கண்டிக்குப் போய்ப் போய், பஸ்ஸில் நின்றபடியே படித்து டிப்ளோமா எடுத்தவள். யுகேஷுக்கு இரும்புக் கடையில் வேலை. வீடு ஓடுவது முக்கால்வாசி அவள் சம்பளத்தில்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாத்தனாரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தையல் லைனில் உட்கார வைத்தது அவள்தான். இப்போது அதுவே தலையிடியாகிவிட்டது.

"அண்ணி," என்றாள் நிரோஷினி, கதவடியில் வந்து நின்று. "என்ன வேற லைனுக்கு மாத்திவிடுங்களேன்."

"ஏன்? ஒன் லைனுக்கு என்னா?"

"சும்மாதான்."

"சும்மா மாத்த ஏலாது நிரோ. நீ என் நாத்தனார்னு எல்லாருக்கும் தெரியும். ஒனக்கு மட்டும் மாத்துனா என்னா சொல்லுவாங்க? ஏற்கெனவே ஜீ.எம். கூப்பிட்டுக் கேட்டுட்டார், ஒங்க வீட்டுப் புள்ளைக்கு ஒரு சட்டமா மிஸ்னு. மாசத்துல ஒம்பது நாள் லீவு. வேற யாராவதா இருந்தா இந்நேரம் எச்சரிக்கைக் கடிதம் குடுத்திருப்பேன்."

நிரோஷினி தலையை ஆட்டிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாள். சுபாஜினிக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. ஆனால் ஏழு மணிக்கு வேன் வந்துவிடும். பயத்தை எடுத்துப் பார்க்க நேரமில்லை.

கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் மனிதவள வேலை பார்க்கிறவர்கள், பயிற்சி கொடுக்கிறவர்கள் என்று பதினொரு பேர் மாதத்தின் முதல் சனிக்கிழமை பின்னேரம் கூடுவார்கள். மார்க்கட்டுக்குப் பின்னால் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடி. வாரநாளில் அங்கே டியூஷன் நடக்கும். கரும்பலகையில் யாரோ போட்ட கணக்கு அழியாமல் கிடக்கும். பதினொரு கதிரையை வட்டமாகப் போட்டு, இஞ்சிப் பிளேன்டீயும் ரோல்ஸும் வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் பேசுவார்கள். ஒருவர் தன் கஷ்டமான கேஸ் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி மட்டும்தான் கேட்கலாம். புத்தி சொல்லக் கூடாது. கேள்வி சரியாக இருந்தால் ஆள் தானே வழியைக் கண்டுபிடித்துக்கொள்வார் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

இன்னொரு சட்டமும் உண்டு. கேஸுக்கு உடுப்பு மாற்றிக் கொண்டுவர வேண்டும். ஆளின் பெயர் மட்டுமல்ல, வேலை, வயது, இடம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கண்டி பெரிய ஊர் என்று வெளியூர்க்காரர்கள்தான் சொல்வார்கள். உள்ளே இருக்கிறவர்களுக்கு யாரைச் சொன்னாலும் யாருக்காவது மச்சான் முறையாக இருக்கும். முன்பு ஒரு தடவை ஒரு காசாளரின் கதையைச் சொல்லப் போய், கேட்டுக்கொண்டிருந்தவரின் சொந்த மைத்துனராக அவர் இருந்து, பெரிய கலாட்டா ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த சட்டம் இது.

எனக்கு அந்த வட்டத்தைக் குறை சொல்ல வாய் வராது. மனிதவள வேலை தனிமையான வேலை. மேலே இருக்கிறவன் சுபாஜினியைத் தொழிலாளியின் ஆள் என்பான், கீழே இருக்கிறவள் கம்பனியின் ஆள் என்பாள். சாப்பாட்டு மேசையில் இவள் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். மனம்விட்டுப் பேச அந்தக் கதிரைகளை விட்டால் சுபாஜினிக்கு வேறு இடம் இருக்கவில்லை. ஆனாலும் நடந்ததைச் சொல்லத்தானே வேண்டும்.

அந்த மாதம் சுபாஜினியின் முறை. பஸ்ஸில் வரும்போதே உடுப்பு மாற்றிவிட்டாள். தொழிற்சாலை ஹோட்டலாயிற்று. தையல் மெசின் சமையலறையாயிற்று. இருபத்துமூன்று வயதுப் பெண் நாற்பது வயது ஆணானாள். இவ்வளவு மாற்றினால்தான், இது தன் வீட்டுக் கதை என்று யாருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்தாள்.

"நல்ல வேலக்காரர்," என்றாள் வட்டத்தில். "கொஞ்ச மாசமா அடிக்கடி லீவு. வந்தாலும் வேலையில கவனம் இல்ல. நடுவுல காணாம போயிடுறார். பாவம் பாத்து நான் இன்னும் கடிதம் குடுக்கல."

"லீவுக்கு என்ன காரணம் செல்றார்?" என்று கேட்டாள் ரிப்கா. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மனிதவளப் பிரிவில் இருப்பவள்; 'சொல்' அவள் பேச்சில் 'செல்' என்றுதான் வரும். குறிப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதாமல் கேட்கிற ஆள்.

சுபாஜினிக்கு உண்மையில் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தன் வீட்டில் தன் கூடவே சாப்பிட்டுத் தூங்குகிற பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று தெரியாது என்பதை அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. பத்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "குடிதான்னு நெனைக்கிறேன்," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அந்த ஆளுக்கு முழு உருவமும் வந்துவிட்டது.

அதன் பிறகு கேள்விகள் எல்லாம் அந்தக் குடிகாரனைத் தேடித்தான் வந்தன. வட்டத்தைத் தொடங்கியவரும் எல்லோருக்கும் அண்ணன் முறையானவருமான மர்சூக் நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹோட்டல்களில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்து, இப்போது மனேஜர்மாருக்குப் பயிற்சி கொடுக்கிறவர்.

"தங்கச்சி, கோவிச்சிக்காதீங்க. இவ்வளவு நாளும் நீங்க காட்டின எரக்கம் ஈக்கே, அது அவருக்குச் செய்த ஒதவியா, ஒங்கட மனசுக்குச் செய்த ஒதவியா?"

சுபாஜினிக்குச் சுருக்கென்றது. அதுதான் நல்ல கேள்வி என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

வங்கியில் பயிற்சி அதிகாரியாக இருக்கும் இராமநாதன், யாழ்ப்பாணத்தவர், மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, ஒரு விசயம். அந்த மனுசன் தனிய இருக்கேக்கைதானே வழுக்குறார்? வேலைத்தலத்தில, அவருக்குக் கிட்டவா, பொறுப்பான ஆள் ஆரும் இருக்கினமோ? ஒவ்வொரு நாளும் ஒரு பத்து நிமிசம் அவரோட இருந்து கதைக்கக்கூடிய ஆள்?"

"இருக்காங்க," என்றாள் சுபாஜினி. சொல்லும்போதே துஷாந்தின் முகம் வந்தது. அவள் தேடி வந்த வழி கிடைத்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது மழை விட்டிருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கினாள்.

துஷாந்த் நிரோஷினியின் லைன் சூப்பர்வைசர். பன்வில பிள்ளை. முப்பத்திரண்டு வயது, நெற்றியில் எப்போதும் திருநீறு, யாரையும் 'அம்மா', 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவான். அவன் லைனில் அறுபது பெண்கள். டார்கெட் போர்ட்டில் எப்போதும் அவன் லைன்தான் முதலாவது. ஜீ.எம்முக்குச் செல்லம்.

செவ்வாய்க்கிழமை சுபாஜினி ஒரு பக்கத்தில் திட்டத்தை டைப் அடித்தாள். ஆறு கிழமை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும். வருகை தவறினால் எச்சரிக்கைக் கடிதம். பொறுப்பு: துஷாந்த். கீழே மூன்று கையெழுத்து. துஷாந்தையும் நிரோஷினியையும் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள்.

"இவங்களா?" என்று கேட்டாள் நிரோஷினி, தாளைப் பார்த்து.

"ஒன் சூப்பர்வைசர்தானே. வேற யார போட?"

"அண்ணி, நீங்களே பேசக் கூடாதா எங்கூட?"

"நான் ஒனக்குச் சொந்தம். நான் செஞ்சா சரி வராது. நிரோ, நான் ஒனக்காகத்தான் இதச் செய்யிறேன். இத விட்டா கடிதந்தான். நல்லா யோசிச்சிக்க."

நிரோஷினி யோசித்தாளா என்று தெரியாது. பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். துஷாந்த் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்க கவலப்படாதீங்க மிஸ். பஸ் தவறுனாலும் பரவாயில்ல. நான் பன்விலயிலருந்து வத்தேகம வழியாத்தானே வாறேன். மோட்டார் சைக்கிள்ல ஏத்திட்டு வந்துடுறேன்," என்றான். சுபாஜினி அவனுக்கு நன்றி சொன்னாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நிரோஷினி பஸ்ஸில் போன நாள் இல்லை. பதினெட்டு வேலை நாளில் ஒரு லீவும் இல்லை. வடிவம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம்ம தோட்டத்துப் பிள்ளை, எவ்வளவு பொறுப்பு என்று சொல்லிச் சொல்லி, அவன் வந்து நிற்கும்போதெல்லாம் பால் டீ ஊற்றிக் கொடுத்தாள். அவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்றபடி மரியாதையாகக் குடிப்பான். சுபாஜினி வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில், 'நல்ல முன்னேற்றம், எல்லோருக்கும் நன்றி' என்று போட்டாள். கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

நிரோஷினி மெலிந்துகொண்டிருந்தாள். அதை எல்லோரும் பார்த்தார்கள். வேலைக்குப் பழகினால் உடம்பு இறுகும் என்று வடிவம்மா சொன்னாள்.

பத்தொன்பதாவது நாள் புதன்கிழமை. பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் லைனில் ஒரு சத்தம். நிரோஷினி கொலர் தைக்கும் மெசினில் வலது கைச் சுட்டுவிரலை ஊசிக்குக் கீழே வைத்துவிட்டாள். ஊசி நகத்தை ஊடுருவி முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. வெள்ளைக் கொலர்கள் மீதெல்லாம் ரத்தம். சுபாஜினி அலுவலகத்திலிருந்து ஓடி வரும்போது துஷாந்த் நிரோஷினியைத் தோளோடு பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தான். அவள் விரலுக்காகக் கத்தவில்லை. விடுங்க, விடுங்க என்றுதான் கத்திக்கொண்டிருந்தாள். வலியில் கத்துகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசித் துண்டை எடுத்து, கட்டுப் போட்டு, ஒரு கட்டிலில் படுக்க வைத்தார்கள். வெளியே மழை கொட்டியது. ஜன்னல் சட்டத்தில் தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது. சுபாஜினி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, வாங்கி வந்த பிளேன்டீயை ஆற்றினாள்.

"எத்தன நாள் லீவு குடுப்பாங்க அண்ணி?"

"ரெண்டு கெழம குடுப்பாங்க. நீ அதப் பத்தி யோசிக்காத."

"ரெண்டு கெழமதானா?" நிரோஷினியின் முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டு மாசம் குடுப்பாங்கன்னு நெனச்சேன். கண்ண இறுக்கி மூடிக்கிட்டுத்தான் வச்சேன்."

சுபாஜினி டீயைத் தரையில் வைத்தாள். "என்னா சொல்ற நீ? வேணும்னேவா?"

நிரோஷினி கட்டுப் போட்ட விரலைப் பார்த்தாள்.

"நிரோ, துஷாந்த் வெளியதான் நிக்கிறார். பாவம், காலயிலருந்து ஒன்னும் சாப்பிடாம..."

"அவன உள்ள விடாதீங்க!" எழும்பி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். "அண்ணி, ஒங்க கால்ல விழுறேன், உள்ள விடாதீங்க. நாலு மாசமா நான் எப்பிடி இருக்கேன்னு ஒங்களுக்குத் தெரியாதா? கொலர் சரியா இருக்கான்னு பாக்க வந்தா கழுத்துலதான் கைய வப்பான். தள்ளிவிட்டா அன்னக்கி நான் தச்சதெல்லாம் பிழைன்னு திருப்பிப் போடுவான். அதுக்குப் பயந்துதான் வீட்டுல கெடந்தேன். லைன மாத்துங்கன்னு கேட்டேன். நீங்க அவனயே கொண்டாந்து எங்கூட போட்டீங்க."

"நிரோ..."

"பத்து நிமிசம் தனியா பேசணும்னு எழுதிக் குடுத்தீங்கள்ல? சாமான் ரூமுல வச்சித்தான் பேசுவான். காலயில வண்டியில, அந்தியில ரூமுல. அந்தப் பேப்பர பொக்கட்டுலயே வச்சிருக்கான். எடுத்துக் காட்டுவான். 'பாரு, ஒங்க அண்ணியே ஒன்ன எங்கிட்ட குடுத்துட்டாங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும்'னு சொன்னான். நான் நம்பிட்டேன். ஒங்க கையெழுத்துதானே அது?"

அது சுபாஜினியின் கையெழுத்துதான். எத்தனையோ பெண்களின் முறைப்பாட்டை எழுதியவள். அந்த மாதிரிப் பெண்ணிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவள். தன் வீட்டுப் பிள்ளையின் முன்னால் வெட்கத்தில் செத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அன்று அந்தியில் அடுப்பு எரியவில்லை. யுகேஷ் இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்த கம்பியொன்றை எடுத்துக்கொண்டு பன்விலைக்குக் கிளம்பினான். வடிவம்மா வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மிதிச்சிட்டுப் போ. போயி அவன அடிச்சிட்டு நீ உள்ள போ. அப்பறம் ஊருக்கே தெரியட்டும். நாளக்கி இவள யாரு கட்டுவா?"

"அதுக்காக சும்மா இருக்கச் சொல்றியாம்மா?"

"நான் என்னத்தடா சொல்ல? எனக்கு என்னா தெரியும்?" அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "பால் டீ ஊத்திக் குடுத்தேனே. ஒவ்வொரு நாளும் இந்தக் கையால ஊத்திக் குடுத்து, புள்ளையையும் ஏத்திவிட்டேனே!"

யுகேஷ் கம்பியைக் கீழே போட்டான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவன் கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. "நீ படிச்சவதானே சுபா," என்று மட்டும் கேட்டான்.

அடுத்த நாள் சுபாஜினி ஜீ.எம்மிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிங்களத்தில், குரலை உயர்த்தாமல் பேசுகிற மனிதர். சாட்சி யார் என்று கேட்டார். அந்தப் பத்து நிமிடத்துக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து உடுப்பு வாங்கும் கொள்வனவுக்காரர்கள் தொழிற்சாலையைப் பார்வையிட வருகிறார்கள் என்பதை ஞாபகப்படுத்தினார். விசாரணை என்று போனால் முதலில் அடிபடுவது உங்கள் கையெழுத்துதான் மிஸ், என்றார் அக்கறையோடு. பிள்ளை சுகவீனம் காரணமாகத் தானாக விலகட்டும். நல்ல சேவைச் சான்றிதழ் கொடுப்போம். ராஜினாமாக் கடிதத்தை நீங்களே அடித்துத் திங்கட்கிழமை காலை கையெழுத்தோடு கொண்டுவாருங்கள்.

அவள் அடித்தாள். அதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அடித்தாள். மூன்று வரி. கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வட்டம். அவளுடைய முறை இல்லை, இருந்தாலும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"இன்னக்கி உடுப்பு மாத்தல," என்றாள். "ஆடைத் தொழிற்சாலை. இருபத்துமூணு வயசுப் புள்ள. நாலு மாசமா வேலைக்கு வரவே பயப்படுறா. லைன மாத்தச் சொல்லிக் கேட்டா."

"சூப்பர்வைசர் ஆம்புளயா?" என்றாள் ரிப்கா.

அவ்வளவுதான். அந்தக் கேள்வி வர அரை நிமிடம்கூட ஆகவில்லை. சுபாஜினி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கீழே புடவைக் கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழுது, மீதியைச் சொல்லி, அந்த ஹோட்டல் குடிகாரன் யார் என்றும் சொல்லி முடித்தபோது யாரும் டீயைத் தொட்டிருக்கவில்லை.

"பிள்ளை," என்றார் இராமநாதன். "அந்தப் பத்து நிமிசத்தை நான்தானே கேட்டனான்."

"நீங்க ஒரு குடிகாரருக்குக் கேட்டீங்க சேர். நான்தான் ஆள மாத்திச் சொன்னேன்."

மர்சூக் நானா பழக்கத்தில் தொடங்கினார். "தங்கச்சி, இப்ப ஒங்களுக்கு முன்னால என்னென்ன வழி ஈக்கிதுண்டு நீங்க..."

"கேள்வி வேணாம் நானா!" அவள் கத்தினாள். "கையெடுத்துக் கும்புடுறேன். திங்கக்கெழம நான் என்னா செய்யணும்னு ஒருத்தராவது சொல்லுங்க."

பத்து பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எத்தனையோ வருடம் புத்தி சொல்லாமல் இருக்கப் பழகியவர்கள். மர்சூக் நானா கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார். எனக்கு அவர் மீதும் பாவமாகத்தான் இருக்கிறது.

படியிறங்கும்போது ரிப்கா பின்னால் ஓடி வந்தாள். "சட்டத்த விடுங்க. நான் செல்றேன். அந்த ராஜினாமாக் கடிதத்தக் குடுக்காதீங்க. பொலிஸ்ல பொம்புளகள் பிரிவுக்குப் போங்க, நானும் கூட வாறேன். முறைப்பாட்டுட கொப்பி ஒண்டு தொழில் கந்தோருக்கும் அனுப்புங்க, தொழிலாளர் பிரச்சினைய அரசாங்கத்துல பாக்கிறது அவங்கதான். ஆனா அந்தப் புள்ளைக்கிட்ட முதல்ல கேளுங்க. அவ ஓமெண்டு செல்லாம ஒரு அடியும் எடுக்காதீங்க."

ஞாயிறு காலை வெயில் அடித்தது. வத்தேகமவில் அந்த மாதத்தில் அதுதான் முதல் வெயில். ஒழுங்கை முழுக்கத் துணி காய்ந்தது. நிரோஷினி பின்வாசலில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சுபாஜினி அவள் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள். ராஜினாமாக் கடிதத்தைக் காட்டினாள். ரிப்கா சொன்னதைச் சொன்னாள். பிறகு வட்டத்தில் தான் சொன்ன கதையையும் சொன்னாள்.

நிரோஷினி கடிதத்தை வாங்கி மடியில் வைத்தாள்.

"எனக்குப் பதிலா ஒரு குடிகாரனச் சொன்னீங்களா?"

"ஆமா."

"நாப்பது வயசு ஆம்புள?"

"ஆமா நிரோ. நம்ம வீட்டுக் கதன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு... எனக்கு வெக்கமா இருந்திச்சி."

நிரோஷினி மெதுவாகத் தலையை ஆட்டினாள். "அந்த ஆளுக்கு நீங்க செஞ்சது சரிதான் அண்ணி."

அவள் அதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. அதுதான் சுபாஜினியால் தாங்க முடியவில்லை.

"பொலிசுக்குப் போவமா? ரிப்காவும் வருவாங்க. நான் ஒன் பக்கத்துலயே நிப்பேன்."

"வேணாம். எங்கெங்க கை வச்சான்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். என்னால ஏலாது." அவள் தாளைத் தொடையில் வைத்து, கட்டுப் போடாத இடது கையால், முதல் வகுப்புப் பிள்ளை மாதிரிக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். "இந்தாங்க. நான் போயிட்டேன். ஆனா அந்த லைன்ல இன்னும் அம்பத்தொம்பது பேர் இருக்காங்க. புதுசா ஒரு புள்ள வந்திருக்கு, பதினெட்டு வயசு. நான் எந்திரிச்ச மெசின்ல அவளத்தான் ஒக்கார வப்பான்."

"நான் என்னா செய்யட்டும் நிரோ? சொல்லு."

"எழுதுங்க. எம்பேர்ல இல்ல, ஒங்க பேர்ல. நான் வந்து கேட்டது, நீங்க மாத்தாதது, அவன போட்டது, கையெழுத்துப் போட்டது. நீங்க செஞ்சத எழுதுனா அவன் செஞ்சது தானா வரும்."

"எழுதுனா எனக்கு வேல போயிரும்," என்றாள் சுபாஜினி. மறுத்துச் சொன்னதல்ல. தெரிந்ததைச் சொன்னாள்.

"தெரியும் அண்ணி."

உள்ளே வடிவம்மா அரிசி புடைக்கிற சத்தம் நின்றது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வேணாம் புள்ள, வீட்ட நெனச்சிப் பாரு என்று ஒரு தரம் சொன்னாள். பிறகு திரும்பவும் புடைக்கத் தொடங்கினாள்.

சுபாஜினி அன்று பகல் முழுவதும் எழுதினாள். நாலு பக்கம் வந்தது. யுகேஷ் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதிய தாள்களை ஒவ்வொன்றாக வாங்கி வாசித்தான். மூன்றாவது தாளை வாசிக்க முடியாமல் எழும்பி வெளியே போய்விட்டான்.

திங்கள் காலை எட்டு மணிக்கு ஜீ.எம்மின் மேசையில் இரண்டையும் வைத்தாள். ராஜினாமாக் கடிதத்தைப் பார்த்து அவர் திருப்தியோடு தலையசைத்தார். மற்றதை எடுத்தார். அரைப் பக்கம் வாசித்தவர் கண்ணை உயர்த்தினார்.

"மிஸ், இது யாருடைய கேஸ்?"

"என்னுடையது சேர். ஒரு கொப்பி தொழில் கந்தோருக்கும் போகுது."

அவர் அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்தார். லைன்களில் வேலை தொடங்கியிருந்தது. துஷாந்த், நெற்றியில் திருநீறோடு, புதுப் பிள்ளையின் மெசினுக்குப் பின்னால் நின்று ஏதோ காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். ஜீ.எம். கதவைச் சாத்தச் சொன்னார். சுபாஜினி சாத்தவில்லை.